நெஞ்சில் நிலைநிறுத்தும் நெறி

ஸ்ரீ:

மாசி, பங்குனி மாதங்களில் பெருமாள் சந்நிதிக்கு வரும் பெற்றோர்களின் பிரார்த்தனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நெருங்கும் காலம் அது. குழந்தையின் பெயரையும் நக்ஷத்திரத்தையும் சொல்லி, "நன்றாகத்தான் படிக்கிறான், ஸ்வாமி, ஆனால் மனத்தில் நிற்கமாட்டேன் என்கிறது" என்று வருந்துவார்கள். திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பு ஸ்ரீ சௌந்தரராஜப் பெருமாள் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள ஹயக்ரீவரை மாணவ மாணவியர் வந்து சேவிப்பதை நம் பகுதியினர் நன்கு அறிவர். கல்விக்கு அதிபதியானவனை வணங்கிப் படிக்கத் தொடங்குவது முன்னோர் வகுத்த நன்னெறி. அம்முன்னோரே, வணங்கி எழுந்தபின் செய்யவேண்டியது இன்னது என்பதையும் விரிவாக வகுத்து வைத்தார்கள். முன்னதைக் கைக்கொண்ட நாம் பின்னதை மறந்துவிட்டோம். அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது சிறிய விஷயமன்று. "எனக்கு மனத்தில் நிற்காது" என்று பத்து வயதில் சொல்லப் பழகிய குழந்தை, பதினைந்து வயதில் "எனக்குப் படிப்பு வராது" என்று சொல்லிவிடும். அதன்பின் அக்குழந்தையைப் பள்ளிக்கு மீட்டுக் கொணர்தல் அரிது. முறை தெரியாத குறையைப் பிறவிக் குறையென்று எண்ணி ஒரு வாழ்வு திசைமாறிப் போவது எத்துணைப் பெரிய இழப்பு!

நினைவு என்பது யாது?

ஸ்மிருதி என்ற சொல்லுக்குப் பதஞ்சலி மஹரிஷி தம் யோகஸூத்திரத்தில் தரும் இலக்கணம் மிகச் சுருக்கமானது. முன் அனுபவித்த விஷயம் களவு போகாதிருத்தலே ஸ்மிருதி என்பது அதன் கருத்து. 'களவு' என்னும் பொருள் தரும் வேர்ச்சொல்லை அம்முனிவர் அங்கே அமைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. வீட்டில் பொருள் இல்லாமற் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பொருள் வீட்டிற்கு வந்து சேரவே இல்லை. மற்றொன்று, வந்த பொருளைக் கள்வன் கொண்டுபோனான். "மறந்துவிட்டது" என்று நாம் சொல்வனவற்றுள் பாதி, செவிகொடுத்துக் கேளாமையால் உள்ளே வந்து சேராதவை. மற்றப் பாதியைக் களவாடுகிறவர் இருவர்: ஒருவர் காலம், மற்றொருவர் கலக்கம். இவ்விருவருக்கும் எதிராகக் கதவடைக்கும் கலையே நினைவுப் பயிற்சி.

ஆற்றலா, முறையா?

சிலர் பிறவியிலேயே ஏகசந்தக்ராஹிகள் என்றும், ஏனையோர் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை என்றும் ஓர் எண்ணம் நிலவுகிறது. பிறவி வாஸனையை நம் சாஸ்திரங்கள் மறுக்கவில்லை. எனினும் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்பதை அறிய ஒரு சோதனையைக் காண்போம்.

அமெரிக்க தேசத்தில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேஸ், எரிக்ஸன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் சாதாரணக் கல்லூரி மாணவர் ஒருவரைத் தேர்ந்துகொண்டார்கள். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால், தொடக்கத்தில் அவரால் ஏழு எண்களையே வரிசை பிறழாமல் திருப்பிச் சொல்ல முடிந்தது. நம்மில் பெரும்பாலோர் நிலையும் அதுவே. சுமார் 20 மாதங்களில் 230 மணி நேரத்திற்கு மேல் பயின்ற பின்னர், அவர் 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். 1980இல் இச்செய்தி வெளியாயிற்று. அவர் ஓட்டப்பந்தய வீரர். ஆகையால் வரும் எண்களை மூன்று நான்காகக் கட்டி, அவற்றைப் பந்தயத்தில் ஓடிய நேரங்களாகப் பாவித்து மனத்தில் இருத்திக்கொண்டார்.

இக்கதையின் இரண்டாம் பகுதியே நமக்கு முக்கியமானது. எண்களுக்குப் பதிலாக எழுத்துக்களைச் சொன்னபோது, அதே மாணவரால் ஏறத்தாழ ஆறு எழுத்துக்களைத்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது! அவர் நினைவின் கொள்ளளவு பெருகவில்லை. எண்களைக் கையாளும் முறையொன்று அவர் வசமாயிற்று.

இதிலிருந்து பெற்றோர் ஒன்று தெளியவேண்டும். ஸ்தோத்திரங்களை மனப்பாடம் செய்த குழந்தைக்குக் கணக்கும் விஞ்ஞானமும் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது. கர்லாக்கட்டை சுற்றினால் தோள் வலுப்பதுபோல நினைவு பொதுப்படையாக வலுத்துவிடுவதில்லை. ஸ்தோத்திரத்தை எம்பெருமானுக்காகவே சேவிக்கவேண்டும். ஆயினும் அந்த ஸ்தோத்திரத்தை எந்த முறையில் நெஞ்சில் நிறுத்தினோமோ, அந்த முறையை அறிந்து பாடப்புத்தகத்திற்கும் செலுத்துவோமாயின், அதனால் வரும் பயன் மிகப் பெரிது.

இத்தகைய முறை முதிர்ந்த நிலையில் என்ன செய்யவல்லது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் வைக்கும் சதாவதானம் நிகழ்த்தினார். சதாவதானி என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். நினைவுக் கலைக்கு நம் பெரியோர் இட்ட பெயர் கவனத்தின் பெயராக அமைந்திருப்பதை நோக்குக.

நான்கு கால்கள்

வித்யார்த்தி கல்வியை எங்ஙனம் முழுமையாகப் பெறுகிறான் என்பதற்கு வடமொழியில் வழங்கும் பழைய சுபாஷிதம் ஒன்று கணக்குச் சொல்கிறது. கால் பங்கு ஆசாரியனிடமிருந்து. கால் பங்கு தன் சொந்த புத்தியினால். கால் பங்கு உடன் பயில்வோரிடமிருந்து. எஞ்சிய கால் பங்கு காலம் செல்லச் செல்ல. பாடசாலைகளில் பயின்றோர் அனைவரும் அறிந்த கருத்து இது. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் நாற்காலியின் கால் ஒடிந்தது போலத்தான். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்கால்: ஆசாரியன்

வேதத்தைத் தமிழ்ச் சான்றோர் 'எழுதாக்கிளவி' என்றனர். ருக்வேதத்தில் மட்டும் 1,028 ஸூக்தங்கள், பதினாயிரத்திற்கு மேற்பட்ட மந்திரங்கள் உள்ளன. இவையனைத்தும் பன்னெடுங்காலம் ஏட்டின் துணையின்றி வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்கும் வந்தவை. இவ்வத்யயன மரபை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ, மானுடத்தின் அரிய வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக 2003இல் அறிவித்தது. 2008இல் தன் பட்டியலிலும் சேர்த்தது.

அத்யயனத்தின் முதற்படி 'சந்தை' சொல்லுதல். ஆசாரியன் ஒரு சிறு பகுதியை ஒருமுறை சொல்வார். சிஷ்யர்கள் அதனை இருமுறை திருப்பிச் சொல்வார்கள். திவ்யப்பிரபந்தத்தையும் இவ்வாறே சந்தையாகக் கற்பிப்பது வழக்கம். இங்கே இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, பகுதி சிறிதாக இருத்தல். மனித மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடியவை ஏறக்குறைய ஏழு கூறுகளே என்று ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியல் அறிஞர் 1956இல் எழுதினார். அதனினும் குறைவு, நான்கே என்று பின்வந்தோர் கணித்தனர். இரு கைகளால் ஏந்தும் அளவுக்கே ஆசாரியன் வார்த்தார். ஆதலால் கீழே சிந்தவில்லை. இரண்டாவது, கேட்டவுடன் சொல்லவேண்டியிருத்தல். சொல்லவேண்டும் என்ற பொறுப்பு இருக்கும்போது செவி உறங்குவதில்லை. நம் குழந்தைகளோ பத்துப் பக்கப் பாடத்தைக் கைப்பேசி பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்க ஒரே மூச்சில் பார்த்துச் செல்கிறார்கள். அப்பொருள் வீட்டிற்கு வந்து சேரவே இல்லை. பிறகு அதனைக் காணவில்லை என்று தேடுவதில் என்ன பயன்?

இரண்டாங்கால்: தன் முயற்சி

மீண்டும் மீண்டும் புத்தகத்தைப் பார்த்துப் படித்தலையே பலரும் உருவேற்றுதல் என்று எண்ணுகின்றனர். பாடசாலையில் உருவேற்றுதல் என்பது ஏட்டைப் பாராமல் வாய்விட்டுச் சொல்லுதலேயாகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை ரோடிகர், கார்பிக்கி என்னும் இரு அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்து, பின் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, இருமுறை படித்தவர்கள் 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்கள் 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு!

படித்த அன்று மனம் நிறைந்தாற்போலத் தோன்றுவது தேர்வு நாளன்று உதவுவதில்லை என்பது இதனால் விளங்கும். புத்தகத்தை மூடிவைத்து, "இப்பாடத்தில் நான் அறிந்தது என்ன?" என்று தன்னைத் தானே கேட்டு விடை தேடும்போது மனம் சற்றே சிரமப்படுகிறது. அச்சிரமமே அப்பொருளை ஆணியறைந்தாற்போல் பதிக்கிறது. திணறும் குழந்தையைப் பார்த்து, "ஒன்றும் ஏறவில்லை" என்று பெற்றோர் கூறற்க. ஏறிக்கொண்டிருக்கும் தருணம் அதுவே.

நினைவுகூர்வதற்குக் கைப்பிடி வேண்டும். ஆழ்வார்கள் அதனையும் அருளிச் செய்தார்கள். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாக அமைந்தவை. ஒரு பாசுரத்தின் ஈற்றுச்சொல் அடுத்த பாசுரத்தின் முதற்சொல்லாதலின், ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானே நாவிற்கு வரும். சங்கிலியின் ஒரு கண்ணியைப் பற்றி இழுத்தால் மறு கண்ணி வருவது போன்றது. முதலாழ்வார்கள் மூவரின் திருவந்தாதிகளும் இவ்வகையினவே. மாணவர்களும் ஒரு பாடத்தின் முடிவையும் அடுத்த பாடத்தின் தொடக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்து வைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு கைப்பிடி இடம். பண்டைய கிரேக்கரும் ரோமரும், நன்கு அறிந்த ஒரு மாளிகையின் அறைகளில் நினைக்கவேண்டிய பொருள்களை வரிசையாக வைத்ததாகப் பாவித்து, மனத்தாலேயே அம்மாளிகையில் நடந்து அவற்றை எடுத்துச் சொல்வார்களாம். இன்றைய உலக நினைவாற்றல் போட்டிகளில் வெல்வோர் பெரும்பாலும் பின்பற்றுவதும் இம்முறையே. லண்டனில் அத்தகையோரை 2003இல் ஆராய்ந்தபோது, அவர்களுடைய பொது அறிவுத்திறனோ மூளையின் அமைப்போ மற்றவர்களினும் சிறந்திருக்கவில்லை என்றும், முறையே வேறுபட்டது என்றும் கண்டனர்.

நமக்கு மாளிகை எதற்கு? திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஸ்ரீமத் பகவத்கீதைக்கும் 18 அத்யாயங்கள். முதல் வளைவில் அர்ஜுனன் வில்லை நழுவவிட்டு அமர்ந்திருக்கிறான். அது விஷாத யோகம். பதினோராம் வளைவில் பள்ளத்தாக்கு முழுவதையும் நிறைத்து விசுவரூபம் நிற்கிறது. பன்னிரண்டில் பக்தர்கள் கைகூப்பி நிற்கின்றனர். பதினெட்டாம் வளைவில் கீழே திண்டுக்கல் மலைக்கோட்டையும் சமவெளியும் தெளிவாகத் தெரிகின்றன. ஐயம் நீங்கிய அர்ஜுனன் எழுந்து நிற்கிறான். இவ்வாறு மூன்று நாள் மனத்தால் மலையேறிய சிறுவன், அத்யாயங்களின் பெயரை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்லவல்லவனாவான். அதே வளைவுகளில் வரலாற்றுப் பாடத்தின் நிகழ்ச்சிகளையும், விஞ்ஞானப் பாடத்தின் படிகளையும் வைக்கலாம். மலை ஒன்றே, ஏற்றும் சரக்கு வேறு.

மூன்றாங்கால்: உடன் பயில்வோர்

தனியே படிப்பவன் தன் பிழையைத் தான் அறியான். கோயில்களில் அத்யாபகர்கள் எதிரெதிரே இரு வரிசையாக நின்று கோஷ்டியாகச் சேவிப்பதைக் காண்கிறோம். ஒருவர் தவறினால் பக்கத்திலிருப்பவர் குரல் தூக்கி நிறுத்துகிறது. தவறியவருக்கு அவமானமில்லை, தவற்றிற்கோ இடமில்லை.

பிழையைப் பிடிப்பதற்கு வேதாத்யயனத்தில் அமைந்த வழி வியப்பூட்டுவது. பதங்களைத் தனித்தனியே சொல்வது பதபாடம். இவ்விரண்டாகப் பிணைத்துச் சொல்வது க்ரமபாடம். அதன்மேல் ஜடை முதல் கனம் ஈறாக எட்டு விக்ருதிகள் உள்ளன. விளங்கும்பொருட்டு 'மலை, மேல், மழை' என்று மூன்று எளிய சொற்களைக் கொள்வோம். க்ரமத்தில் 'மலை மேல், மேல் மழை' என வரும். ஜடையில் 'மலை மேல், மேல் மலை, மலை மேல்' என்று முன்னும் பின்னும் பின்னப்படும். கனத்தில் 'மலை மேல், மேல் மலை, மலை மேல் மழை, மழை மேல் மலை, மலை மேல் மழை' என்று வரும். மூன்று சொற்கள் 13 சொற்களாக விரிந்தன! அடுத்தபடி 'மேல்' என்பதிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு சொல் விடுபட்டாலும் இடம் மாறினாலும் பின்னல் அறுந்து உடனே காட்டிக்கொடுக்கும். இவ்வாறு முற்றும் ஓதியவரையே கனபாடிகள் என்று போற்றுகிறோம்.

இந்திய யஜுர்வேத பண்டிதர்கள் 21 பேருடைய மூளையை, அவ்வாறு பயிலாத 21 பேருடைய மூளையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. நினைவோடு தொடர்புடைய பகுதிகள் உள்ளிட்ட பல இடங்களில் பண்டிதர்களின் மூளையில் சாம்பல்நிறப் பொருள் மிகுந்திருந்தது. ஓதியதால் மிகுந்ததா, முன்னமே மிகுந்திருந்தவர்கள் ஓத வந்தார்களா என்பதை ஒருமுறை எடுத்த படத்தைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும் பயிற்சி மூளையில் தடம் பதிக்கும் என்பதற்கு லண்டன் வாடகைக்கார் ஓட்டிகளிடம் செய்த ஆய்வும் சான்று தருகிறது. அந்நகரின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்தால்தான் அவர்களுக்கு உரிமம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்ததில், தேறியவர்களின் மூளையில் இடநினைவுக்குரிய பகுதி வளர்ந்திருந்ததை 2011இல் கண்டனர்.

திவ்யப்பிரபந்தத்திலும் காவல் உண்டு. பதிகத்தின் இறுதிப் பாசுரத்தில் பாடியவர் பெயரும் பாசுரத் தொகையும் சொல்லப்படுவது மரபு. இக்காவலே ஒருகால் பிரபந்தம் முழுவதையும் மீட்டுக் கொடுத்தது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள், திருக்குடந்தைப் பெருமானைப் பாடும் திருவாய்மொழிப் பதிகத்தை யாத்திரையாக வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சேவிக்கக் கேட்டார். அதன் ஈற்றுப் பாசுரத்தால் இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று தெரியவர, எஞ்சியவை எங்கே என்று வினவினார். வந்தவர்கள் அறிந்தது அப்பதிகம் ஒன்றே. நாதமுனிகள் திருக்குருகூருக்கு எழுந்தருளி, மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு சேவித்து, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. பெற்றதும் அவர் செய்த முதற்காரியம், தம் மருமக்கள் கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் இசையோடு கற்பித்தது. ஒருவர் நெஞ்சில் மட்டும் இருப்பது பாதுகாப்பன்று என்பதை இழந்து மீண்ட பின் அவர் அறிந்திருந்தார். கற்றதைப் பிறர்க்குச் சொல்லிக்கொடுப்பவன் இருமுறை கற்கிறான்.

நான்காங்கால்: காலம்

காலமே முதற் கள்வன் என்றோம். ஜெர்மனி தேசத்து எபிங்ஹௌஸ் என்னும் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அதன்பின் இழப்பின் வேகம் குறைந்து, ஒரு மாதம் சென்ற பின்னரும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சிற்று. ஆக, மறதி மிகுதியாகக் களவாடுவது முதல் நாளில். அந்த முதல் நாளில் ஒருமுறையும், பின்னர் இடைவெளியை விரித்துக்கொண்டே போய்ச் சிலமுறையும் நினைவுகூர்ந்தால் களவு நின்றுவிடும். ஒரே இரவில் பத்துமுறை படிப்பதைக் காட்டிலும், பத்து நாட்களில் ஐந்துமுறை நினைவுகூர்தல் நீடித்து நிற்கும்.

மார்கழியில் ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாசுரங்களை நாம் 30 நாட்களில் அனுஸந்திக்கிறோம். நாளுக்கு ஒரு பாசுரமே அன்றைக்குரியது. ஆயினும் நாள்தோறும் முப்பதும் சேவிக்கப்படுகின்றன. பள்ளிக்கூடமே காணாத பாட்டிமார்கள் பலர் திருப்பாவையைப் பிழையறச் சேவிப்பதன் ரகசியம் இதுவே. புதியது சிறிதாக, பழையது இடையறாமல், ஆண்டு சுழன்று வருகையில் மீண்டும்.

வேதாத்யயனத்தில் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, பௌர்ணமி, அமாவாஸ்யை ஆகிய நாட்களில் புதுப்பாடம் இல்லை. ஓய்வும் கல்வியின் அங்கமே. உறங்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. கற்றதை அடுக்கி வைக்கிறது. கற்றபின் விழித்திருந்தவர்களைவிட உறங்கியவர்கள் குறைவாகவே மறந்தனர் என்பது 1924இலேயே சோதனையில் கண்ட உண்மை. ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படித்தல், அறுவடை செய்த நெல்லைக் களத்திலேயே விட்டு வருவது போலாகும். வல்லாரைக் கீரை உணவுக்கு நல்லதே. ஆனால் உறங்காத கண்ணுக்கும் உருவேற்றாத பாடத்திற்கும் அது ஈடுசெய்யாது.

பொருளறிந்து ஓதுக

மனப்பாடம் செய்வது கிளிப்பிள்ளைக் காரியம் என்று பழிப்போர் உண்டு. பொருளறியாமல் வேதத்தை ஓதுகிறவன் சுமை தாங்கும் தூண் போன்றவன் என்று நிருக்தம் இயற்றிய யாஸ்கரே கடிந்திருக்கிறார். நம் மரபில் ச்ரவணத்தின்பின் மனனம் உண்டு. மனனம் என்பது ஆராய்ந்து சிந்தித்தல். பொருள் விளங்கிய சூத்திரம் ஒருமுறை சொன்னால் நிற்கும். விளங்காதது நூறுமுறை சொன்னாலும் தேர்வு அறையின் வாசலோடு நின்றுவிடும். ஆகவே "இது ஏன்?" என்று கேட்கும் குழந்தையை அடக்காதீர்கள்.

மனநிலை

இனி இரண்டாவது கள்வனாகிய கலக்கத்தைக் காண்போம். கீதையின் இரண்டாம் அத்யாயத்தில் பகவான் ஒரு சங்கிலியைக் காட்டுகிறான். கோபத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவு பிறழ்தல், நினைவு பிறழ்வதால் புத்தி நாசம். அச்சத்திற்கும் இது பொருந்தும். வீட்டில் சரளமாகச் சொன்ன விடை தேர்வு அறையில் வராமற்போவது, அது அழிந்ததனால் அன்று. பதற்றம் வாயிலை அடைத்துக்கொண்டதனால். புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் குழந்தையின் முன் நின்று கடிந்து பேசும் பெற்றோர், அது கற்றதையே களவாடுகின்றனர் என்று அறியவேண்டும்.

இதே கீதையின் முடிவில் அர்ஜுனன், மோஹம் ஒழிந்தது, ஸ்மிருதி கிடைத்தது என்கிறான். கலக்கம் நீங்கியதும் நினைவு திரும்புகிறது என்பதே அம்முறைவைப்பு நமக்கு உணர்த்துவது.

நம் சிறுமலையைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. மூலிகை இன்னதென்று அறியக்கூடாமல் திருவடி மலையையே பெயர்த்தெடுத்துச் சென்றபோது, அதிலிருந்து வீழ்ந்த ஒரு துண்டே சிறுமலை என்பர் பெரியோர். மலையைத் தூக்கிய அந்த மஹாவீரனே, அதற்குச் சில காலம் முன்பு, கடலைத் தாண்டுவார் யார் என்று வானரர்கள் ஏங்கி நின்றபோது ஒருபுறம் வாளா அமர்ந்திருந்தான். தன் பலத்தைத் தான் அறியாதிருக்குமாறு ரிஷிகள் இட்ட சாபம் அதற்குக் காரணம் என்கிறது ஸ்ரீராமாயணம். ஜாம்பவான் அருகில் சென்று, அவன் பிறப்பையும், பாலகனாக இருக்கையில் சூரியனை நோக்கிப் பாய்ந்ததையும் எடுத்துரைத்தான். அதன் பின்னரே கடல் குளப்படியாயிற்று.

ஜாம்பவான் செய்ததைக் கூர்ந்து நோக்குக. அவன் வெறும் முகஸ்துதி செய்யவில்லை. அனுமன் உண்மையில் செய்து காட்டிய ஒன்றைச் சொல்லி, "அது செய்தவன் இதுவும் செய்வாய்" என்று உணர்த்தினான். அறிவு வளரக்கூடியது என்று மாணவர்களுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகப் பாடம் நடத்தினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவரிடையே சோதித்து 2019இல் வெளியிட்டனர். மதிப்பெண் குறைந்தவர்களிடம் முன்னேற்றம் இருந்தது. ஆயினும் அது சிறியது. ஊக்கச்சொல் மட்டும் கடலைத் தாண்டுவிக்காது. தாண்டத் தெரிந்தவனை எழுப்பிவிடும். ஆகவே முறையும் வேண்டும், ஜாம்பவானும் வேண்டும். "உனக்கு வராது" என்ற சொல்லுக்கு மாற்றாக, "போன மாதம் இந்த இருபது வரியை நிறுத்தினாயே, அதே வழியில் இதையும் நிறுத்து" என்று சொல்லும் பெற்றோரே ஜாம்பவான்கள்.

அனுஷ்டானம்

மேற்சொன்னவற்றைத் தொகுத்து, வீட்டில் கைக்கொள்ளக்கூடிய ஒழுங்கு ஒன்றை அடியேன் விண்ணப்பிக்கிறேன்.

1. படிக்கும் முக்கால் மணி நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

2. பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பொருளறிந்து, ஒவ்வொன்றையும் சந்தை முறையில் ஒருமுறை பார்த்து இருமுறை பாராமல் சொல்க.

3. அன்றிரவு உறங்குமுன் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுக. விடுபட்டதை மட்டும் திறந்து பார்க்க.

4. மறுநாள், நான்காம் நாள், எட்டாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என மீண்டும் நினைவுகூர்க. நாட்காட்டியில் குறித்து வைத்தல் நலம்.

5. வாரம் ஒருமுறை தோழர் இருவர் எதிரெதிரே அமர்ந்து கோஷ்டியாக ஒருவர்க்கொருவர் கேட்டுத் திருத்திக்கொள்க.

6. இரவு உறக்கத்தைக் குறைக்கற்க.

இதற்குச் செலவு ஏதுமில்லை; தனிப்பயிற்சி நிலையம் வேண்டியதில்லை. முதல் வாரம் கடினமாகத் தோன்றும். ஏனெனில் பாராமல் சொல்லும்போதுதான் நாம் எவ்வளவு அறியோம் என்பது தெரியும். அதனைக் கண்டு சோர்வடையாத குழந்தை, மூன்றாம் வாரத்தில் தன் வலிமையைத் தானே காணும்.

அலையும் மனத்தை அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் பிடிக்கலாம் என்று பகவான் அர்ஜுனனுக்கு அருளினான். ஞானமும் ஆனந்தமும் வடிவான ஸ்ரீ ஹயக்ரீவன் நம் குழந்தைகளுக்கு மேதையையும், அதனை வளர்க்கும் அப்யாஸத்தில் உறுதியையும், பெரியோர்களாகிய நமக்குப் பொறுமையையும் அருளவேண்டும் என்று பிரார்த்தித்து அமைகிறேன்.

சுபம்.